கிணற்று உறுதி யார் பெயரில்? யூனிக்ஸிலிருந்து நம் வீட்டு மடிக்கணினி வரை

 

இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள். பிள்ளைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுத்த பெற்றோர் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பாவனையாளர்கள் மேலும் ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற ஒரு வழி வைத்தார்கள்; அந்தத் தவணையும் 2026 ஒக்டோபர்தான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். நம் வீடுகளில் இருப்பவை பலதும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் பாவித்துவிட்டுக் கொண்டுவந்தவை, அல்லது கடையில் பாவித்ததாக வாங்கியவை. மெசின் நன்றாக ஓடுகிறது, திரை நல்லது, கீபோர்ட் நல்லது. ஆனால் விண்டோஸ் 11 அதை ஏற்காது.

"இனி என்ன சேர் செய்யிறது?" என்று பலர் கேட்கிறீர்கள். புதிது வாங்கக் காசு இல்லை. கள்ளக் கொப்பி போட மனம் இல்லை. "லினக்ஸ் போடலாமா? அதில் உபுண்டுவா மின்டா? பி.எஸ்.டி. என்றும் ஒன்று இருக்காமே?" என்பது அடுத்த கேள்வி.

நேரடி விடை பதிவின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஆனால் அந்த விடை ஏன் அப்படி வந்தது என்பதற்கு ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எது வேகமானது, எது வடிவானது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கிணற்றின் உறுதி யார் பெயரில் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது?

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆறில்லாத ஊர் இது. நிலாவரை முதல் வளவுக் கிணறு வரை எல்லாமே நிலத்தடி நீர்தான். பங்குக் கிணறு என்றால் யார் எந்த நாள் இறைக்கலாம், வாய்க்கால் யாருடைய காணியால் போகலாம் என்பதெல்லாம் உறுதியில் இருக்கும். தண்ணீர் ஒன்றுதான். உறுதியில் உள்ள ஒரு வரியால் ஒரு தோட்டம் செழிக்கும், இன்னொரு தோட்டம் காயும். கணினிகளின் கதையும் அப்படித்தான் நடந்தது.

*திறந்திருந்த கிணறு*

1969. அமெரிக்காவில் ஏ.டி. அன்ட் டி. தொலைபேசிக் கம்பனியின் பெல் ஆய்வுகூடம். கென் தொம்சன் என்பவர் அங்கே கவனிப்பாரற்றிருந்த பி.டி.பி.-7 என்ற சிறிய கணினியில் ஒரு பணிசெயல் முறைமையை எழுதத் தொடங்கினார். (இயங்குதளம் என்றும் சொல்வார்கள், நம் பாடநூலில் உள்ள சொல் பணிசெயல் முறைமை.) டெனிஸ் ரிச்சி அவரோடு சேர்ந்தார். அதற்கு யூனிக்ஸ் என்று பெயர் வந்தது. ரிச்சி உருவாக்கிய சி மொழியில் 1973இல் அதன் மையப் பகுதியைத் திரும்ப எழுதினார்கள். அதுவரை பணிசெயல் முறைமை என்பது ஒரு குறிப்பிட்ட கணினிக்கென்றே எழுதப்படுவது. கணினி செத்தால் அதுவும் செத்தது. சி மொழியில் இருந்ததால் யூனிக்ஸை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்து நடலாம் என்று ஆனது.

ஏ.டி. அன்ட் டி. அதை விற்றுப் பணம் பார்த்திருக்கலாமே? முடியாது. 1956இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி அந்தக் கம்பனி தொலைத்தொடர்பைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்க முடியாதிருந்தது. ஆகவே கேட்ட பல்கலைக்கழகங்களுக்குச் சிறிய கட்டணத்தோடு மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தது. மூல நிரல் என்பது மனிதன் வாசித்துத் திருத்தக்கூடிய வடிவம். சமைத்த கறியோடு சமையல் குறிப்பும் சேர்ந்து வந்தது என்று வையுங்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதை எடுத்து வளர்த்தது. பில் ஜோய் என்ற மாணவர் 1978இல் பெர்க்லியின் முதல் தொகுப்பை வெளியிட்டார். அதுதான் பி.எஸ்.டி. 1983இல் வந்த 4.2 பி.எஸ்.டி.யில் இணையத்தின் அடிப்படையான டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைகள் சேர்க்கப்பட்டிருந்தன. இணையம் பல்கலைக்கழகங்களுக்குள் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு உறுதி மாறியது. 1984 ஜனவரி 1ஆம் திகதி ஏ.டி. அன்ட் டி. துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அதோடு பழைய வியாபாரத் தடையும் நீங்கியது. யூனிக்ஸ் விலைப்பொருள் ஆனது. உரிமக் கட்டணம் ஏறியது. பத்து வருடமாக எல்லோரும் சேர்ந்து தூர்வாரிய கிணற்றுக்கு வேலி விழுந்தது.

*ரூமா கிணறு*

வேலி விழுவதை முன்கூட்டியே உணர்ந்த ஒருவர் இருந்தார். எம்.ஐ.டி.யில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன். 1983 செப்டெம்பர் 27ஆம் திகதி, யூனிக்ஸைப் போன்ற, ஆனால் முழுக்கச் சுதந்திரமான ஒரு முறைமையை எழுதப்போகிறேன் என்று அறிவித்தார். அதுதான் குனு திட்டம்.

எனக்கு அவருடைய நிரல்களைவிட அவர் எழுதிய உறுதி பெரிதாகத் தெரிகிறது. 1989இல் வந்த ஜி.பி.எல். என்ற உரிமம். யாரும் பாவிக்கலாம், வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: நீ திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் இதே உரிமையோடு கொடு. உனக்குக் கிடைத்ததை அடுத்தவனுக்கு மறுக்காதே.

மதீனாவின் ரூமா கிணற்றுச் சம்பவம் நம்மவர்களுக்குத் தெரியும். அதன் நீர் விலைக்கு விற்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் அதை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக விட்டார்கள். வக்ஃபு என்பது இதுதான். ஒருமுறை வக்ஃபு ஆன சொத்தை விற்க முடியாது, வாரிசுக்கு எழுத முடியாது. பலன் மட்டும் பொதுவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மற்றச் சமூகத்து உறவுகளுக்குச் சொல்வதானால், கோயிலுக்கு எழுதிவைத்த காணி மாதிரி. ஜி.பி.எல். அச்சொட்டாக வக்ஃபு அல்ல. எழுதியவரின் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. ஆனால் நோக்கம் மிக நெருக்கமானது. பொதுவில் விட்டது பொதுவிலேயே நிற்கவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட உறுதி அது.

பி.எஸ்.டி.யின் உறுதி வேறு மாதிரி. அது நிபந்தனை இல்லாத தானம். எடுத்துக்கொள், எழுதியவர் பெயரை மட்டும் அழிக்காதே, பிறகு உன் விருப்பம். மூடிவைத்து விற்றாலும் கேள்வியில்லை. இரண்டும் நல்ல மனதோடு செய்தவைதான். ஆனால் இரண்டின் பலனும் வேறு வேறு வாய்க்காலில் ஓடியது.

*1991: ஜாம்போத்தல் விளக்குக் காலம்*

1991ஐ நம் பெற்றோர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. பிள்ளைகள் ஜாம்போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ செய்தி கேட்டார்கள். அதற்கு முந்திய வருடம், 1990 ஒக்டோபர் இறுதியில், வடக்கின் முஸ்லிம்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் ஊர்விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள்.

அதே 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி பின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் இணையத்தில் ஒரு செய்தி போட்டார். இலவசமாக ஒரு பணிசெயல் முறைமை செய்துகொண்டிருக்கிறேன், பொழுதுபோக்குத்தான், பெரிதாக ஒன்றும் வராது என்பது அதன் சாரம். அதுதான் லினக்ஸ். குனு திட்டத்தில் மற்ற எல்லாம் இருந்தன. கருனி என்று பாடநூல் சொல்லும் மையப் பகுதி மட்டும் ஆயத்தமாகவில்லை. லினஸிடம் இருந்தது கருனி. 1992இல் அவர் அதை ஜி.பி.எல்.லின் கீழ் விட்டார். இரண்டும் பொருந்தின.

அதே 1991 ஒக்டோபரில்தான் யுனிகோடின் முதற்பதிப்பும் வந்தது. அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. இங்கே விளக்குக்கு எண்ணெய் தேடிய வருடத்தில், பிற்காலத்தில் நாம் தமிழில் தட்டெழுதப்போகும் இரண்டு அடிப்படைகளும் எங்கோ போடப்பட்டுக்கொண்டிருந்தன.

பி.எஸ்.டி. எங்கே போனது? தரத்தில் அது அன்று லினக்ஸைவிட முதிர்ந்தது. ஆனால் 1992இல் ஏ.டி. அன்ட் டி.யின் யூனிக்ஸ் பிரிவு, பி.எஸ்.டி.யை விற்ற கம்பனிமேல் வழக்குப் போட்டது. பெர்க்லி பல்கலைக்கழகமும் அதில் இழுக்கப்பட்டது. 1994 தொடக்கத்தில் சமரசம் ஆனபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்கவேண்டி வந்தவை 3 மட்டுமே. மூன்று கோப்புக்காக இரண்டு வருடம் எல்லோரும் தயங்கி நின்றார்கள். எல்லைக் கதியாலுக்காகப் பரம்பரைக்கே வழக்காடிய ஊர்க்காரருக்கு இது புதிதாக இராது! அந்த இரண்டு வருடத்தில் உலகம் லினக்ஸ் பக்கம் நடந்துவிட்டது. பி.எஸ்.டி.யின் வீட்டுக் கணினிப் பதிப்பு தமக்கு நேரத்துக்குக் கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதியிருக்கவே மாட்டேன் என்று லினஸே பின்னர் சொன்னார்.

*இரண்டு குடும்பங்கள்*

1993இல் இரு பக்கமும் குடும்பம் பெருகியது. லினக்ஸ் பக்கத்தில் ஸ்லாக்வெயார், ஓகஸ்டில் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன். பி.எஸ்.டி. பக்கத்தில் நெட்பி.எஸ்.டி., ஃப்ரீபி.எஸ்.டி. பிறகு நெட்பி.எஸ்.டி.யிலிருந்து பிரிந்து தியோ டி ராட் தொடங்கிய ஓப்பன்பி.எஸ்.டி.

பி.எஸ்.டி. குடும்பத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். அப்பிளின் மக் கணினிக்குள் பி.எஸ்.டி. நிரல் இருக்கிறது. வட்ஸ்அப் வளர்ந்த வருடங்களில் அதன் சேவையகங்கள் ஓடியது ஃப்ரீபி.எஸ்.டி.யில். பிளேஸ்டேஷன் 4இன் முறைமை அதிலிருந்து பிறந்தது. உலகெங்கும் தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையப் பாவிக்கும் ஓப்பன்எஸ்.எஸ்.எச். ஓப்பன்பி.எஸ்.டி. குழுவின் கொடை. நெட்பி.எஸ்.டி.யைப் பாண் வாட்டும் இயந்திரத்தில்கூட ஒருமுறை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள்: பெரிய கம்பனிகள் தானத்தை எடுத்துக்கொண்டு தம் மதிலுக்குள் கட்டிய பலவும் பொதுக் கிணற்றுக்குத் திரும்பவில்லை. திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அது அவர்களின் விருப்பம், கடமை அல்ல. லினக்ஸில் அது கடமை. அதனால் இன்டெல், ஐ.பி.எம்., ரெட் ஹட் என்று போட்டிக் கம்பனிகளும் ஒரே கருனிக்கு வேலை செய்தன. இதன் பலன் நம் வீட்டு மடிக்கணினியில் தெரியும். வை-ஃபை, புளூடூத், கமரா, திரைச் சில்லு போன்றவை லினக்ஸில் போட்டவுடன் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். ஃப்ரீபி.எஸ்.டி.யில் வை-ஃபை ஆதரவு நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது.

உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனின் கருனியும் லினக்ஸ்தான். "லினக்ஸ் எங்களுக்குச் சரிவராது" என்று போனில் தட்டி அனுப்புகிறவர் லினக்ஸில் இருந்துகொண்டே அதைச் சொல்கிறார்.

*தமிழ் எப்படி உள்ளே வந்தது*

நமக்கு முக்கியமான பகுதி இது.

1990களில் கணினியில் தமிழ் என்றால் எழுத்துரு. இலங்கையில் பாமினி. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த ஒரு தந்திரம் அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. பழைய பாடசாலை வினாத்தாள்களை இன்று திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அக்காலத்தில் உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் கூடி விவாதித்து டி.எஸ்.சி.ஐ.ஐ. என்ற பொதுக் குறிமுறையை உருவாக்கினார்கள்.

2000ஐ ஒட்டிய வருடங்களில் தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் லினக்ஸின் திரைச் சூழல்களான கே.டி.ஈ.யையும் க்னோமையும் தமிழாக்கத் தொடங்கினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று உறுதியில் எழுதியிருந்தது. விண்டோஸில் தமிழ் வேண்டுமென்றால் ஒரு கம்பனி, நம் மொழிக்குச் சந்தை உண்டா என்று கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இங்கே இரண்டு பேர் இராவில் விழித்திருந்தால் போதும். லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் டி.எஸ்.சி.ஐ.ஐ. குறிமுறையை மாற்றித்தரும் பகுதி இன்றும் இருக்கிறது.

இலங்கையிலும் வேலை நடந்தது. லங்கா லினக்ஸ் பாவனையாளர் குழு சிங்களத்துக்கு ஒரு சுதந்திர எழுத்துருவையே செய்து கொடுத்தது. நம் தமிழுக்கு, இலங்கையின் தர விசைப்பலகையான ரங்கநாதன் (எஸ்.எல்.எஸ். 1326) லினக்ஸின் உள்ளீட்டுத் தொகுப்பில் சேர்ந்தது. பாமினிக்குப் பழகிய விரல்களுக்கு அது அந்நியமாக இராது; நடு வரிசையில் ய, ள, ன, க, ப என்று அதே தட்டச்சு ஒழுங்குதான். தமிழ்99 வேண்டுமானால் அதுவும் உண்டு. மொழித் தெரிவில் "தமிழ் – இந்தியா" போலவே "தமிழ் – இலங்கை" என்று தனியாக ஒன்று இருக்கிறது. நம்மை ஒரு சந்தையாக யாரும் கணக்கெடுக்காமலே அந்த இடம் கிடைத்தது.

நம் மத்ரஸா உஸ்தாத்மாருக்கு ஒரு செய்தி. அரபை வலமிருந்து இடமாகவும் தமிழை இடமிருந்து வலமாகவும் ஒரே ஆவணத்தில் எழுதும் வசதி யுனிகோடால் வந்தது. லிப்ரே ஆபிஸில் அது இலவசமாகவே இருக்கிறது. அறபுத் தமிழ் என்று அரபு எழுத்துக்குப் புள்ளிகள் சேர்த்துத் தமிழ் எழுதிய சமூகம் நாம். எழுத்தை நம் தேவைக்கு வளைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கே.டி.ஈ., க்னோம் இரண்டும் ஃப்ரீபி.எஸ்.டி.யிலும் ஓடும். ஆகவே லினக்ஸுக்காக என்று செய்த தமிழாக்கம் அந்தக் குடும்பத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

*பக்கத்து வளவுகளில் நடந்தது*

கேரளத்தில் பாடசாலைகளுக்கான ஐ.டி.@ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. ஆரம்பத்தில் விண்டோஸ்தான் இருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் சுதந்திர மென்பொருள் ஆர்வலர்களும் கேள்வி எழுப்பினார்கள். சில வருடங்களில் மாநிலத்தின் உயர்நிலைப் பாடசாலைகள் லினக்ஸுக்கு மாறின. பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பச் செய்முறைப் பரீட்சையே அதில்தான் நடந்தது. ஆசிரியர்களே பயிற்றுநர்களாகி மற்ற ஆசிரியர்களைப் பயிற்றினார்கள்.

தமிழகத்தில் 2006ஐ ஒட்டி, உமாசங்கர் என்ற அதிகாரியின் காலத்தில், அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னையில் சிடாக் நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய மொழிப் பதிப்பை 2007இல் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு பக்கத்தில் பக்கம் வைக்கப்பட்டது. பிள்ளை எதை அழுத்தியிருப்பான் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழகியதைத்தான் கை தேடும். கேரளத்தில் ஆசிரியர் முன்னால் போனார், கணினி பின்னால் வந்தது. மற்ற இடத்தில் கணினி மட்டும் வந்தது. என் பார்வையில் வித்தியாசம் அதுதான்.

நம் நாட்டுக்கும் பெருமைப்பட ஒன்று உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமி. வடமராட்சி கிழக்கு முதல் அம்பாறை வரை யார் உயிரோடு, யார் எந்த முகாமில் என்று தெரியாத நாட்கள். லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த தன்னார்வலர்கள் சில நாட்களிலேயே காணாமற்போனோர், முகாம்கள், உதவிகள் பற்றிய பதிவு முறைமை ஒன்றைச் சுதந்திர மென்பொருட்களைக் கொண்டு கட்டினார்கள். சஹன என்றால் சிங்களத்தில் நிவாரணம்; அதுதான் பெயர், சஹானா. பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்கான சுதந்திர மென்பொருள் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. அன்று யாராவது உரிமக் கட்டணத்துக்கும் அனுமதிக் கடிதத்துக்கும் காத்திருந்தால் அந்த நாட்களில் அது ஏலுமா?

*சரி, எதைப் போடுவது?*

இனி நேரடி விடை.

4 ஜி.பி. அல்லது அதற்கு மேல் ரம் உள்ள, விண்டோஸ் 10 ஓடிய சாதாரண மடிக்கணினி: லினக்ஸ் மின்ட். கீழே மெனு, கடிகாரம் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். வீட்டில் எல்லோரும் பாவிக்கும் கணினிக்கு என் முதல் தெரிவு இது.

8 ஜி.பி. உள்ள, கொஞ்சம் புதிய கணினி: உபுண்டு. மார்க் ஷட்டில்வேர்த் 2004இல் தொடங்கியது. இறுவட்டைக் கேட்டவர் வீட்டுக்கே தபாலில் இலவசமாக அனுப்பியதால் ஒரு காலத்தில் பெயர் எடுத்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள். ஐந்து வருடத்துக்குத் திருத்தங்கள் வரும்.

2 ஜி.பி. மட்டும் உள்ள பழையது: லுபுண்டு, அல்லது மின்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு. எழுதவும் பாடநூல் பி.டி.எஃப். வாசிக்கவும் போதும். பத்துப் பக்கத்தை ஒரேயடியாகத் திறந்தால் திணறும்.

பாடசாலைக் கணினி அறை: டெபியன். அடிக்கடி மாறாது, ஒருமுறை ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கில் தொந்தரவு தராது. உபுண்டுவும் மின்டும் அந்த மரத்தின் கிளைகள்தான். 32-பிட் செயலியுள்ள மிகப் பழைய கணினி என்றால் டெபியன் 12ஓடு நிறுத்துங்கள். 13ஆம் பதிப்பிலிருந்து அதில் நிறுவ முடியாது.

உயர்தரத் தகவல் தொழில்நுட்பம் படித்து, முறைமை எப்படி வேலை செய்கிறது என்று தோண்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளை: ஒரு உபரிக் கணினியில் ஃப்ரீபி.எஸ்.டி. அதன் கைந்நூல் மிகத் திருத்தமானது. வாசித்தாலே பாதிப் பாடம் படித்த மாதிரி. உடனே திரைச் சூழலோடு வேண்டுமென்றால் கோஸ்ட்பி.எஸ்.டி. பாதுகாப்பில் ஆர்வம் என்றால் ஓப்பன்பி.எஸ்.டி. ஆனால் வீட்டில் எல்லோரும் பாவிக்கும் ஒரே கணினியில் இவற்றைப் போடாதீர்கள்.

கரைச்சல்களையும் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசொப்ட் ஆபிஸ் ஆவணங்களை லிப்ரே ஆபிஸ் திறக்கும், ஆனால் பக்க அமைப்புச் சில நேரம் குலையும். ஃபொட்டோஷொப்பும் கடைகளில் பாவிக்கும் சில கணக்கு மென்பொருட்களும் நேரடியாக ஓடா. சில அச்சுப்பொறிகள் அடம்பிடிக்கும். பாமினி ஆவணங்களுக்கு அந்த எழுத்துருவைப் போட்டால் வாசிக்கலாம். ஆனால் யுனிகோடுக்கு மாற்றி வைப்பதே நல்லது. கடை வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அவசரப்பட்டு விண்டோஸை அழிக்காதீர்கள். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்கில் கொப்பி பண்ணுங்கள். பிறகு 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் மின்டைப் போட்டு அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் மாறாது. வை-ஃபை, சத்தம், கமரா, அச்சுப்பொறி நான்கும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள்.

*காசு மட்டுமல்ல*

இலவசம் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. கள்ளக் கொப்பி சட்டப்படி குற்றம். மார்க்கப்படி அடுத்தவரின் உழைப்பு. ஒழுக்கம் படிப்பிக்கும் வகுப்பறையில் களவு எடுத்த மென்பொருளை வைத்துப் பாடம் நடத்துவது பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. "வழியில்லை" என்பது முன்பு ஒரு காரணமாக இருந்தது. இன்று வழி இருக்கிறது.

இன்னொன்று, நம் பங்கு. எங்கள் அச்சுவேலியில் தம்பிமுத்துப்பிள்ளை அவர்கள் ஞானப்பிரகாச யந்திரசாலை என்று அச்சுக்கூடம் வைத்து நூல்கள் வெளியிட்டது உங்களில் பலருக்குத் தெரியும். கிராமத்தில் இருந்துகொண்டே ஈய எழுத்துக் கோத்தார்கள். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது வந்து செய்து தரட்டும் என்று இருக்கவில்லை. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவை முன்னின்று வளர்க்கத் தொடங்கிய மயூரநாதன் அவர்கள் யாழ்ப்பாணத்தவர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஆயிரக்கணக்கில் இணையத்தில் வைத்திருக்கிறது. அதன் இணையத்தளம் விக்கிப்பீடியாவின் அதே சுதந்திர மென்பொருளான மீடியாவிக்கியில் ஓடுகிறது. பொதுக் கிணற்றில் அள்ளியவர்கள் திரும்பக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள்.

இன்றும் லினக்ஸில் தமிழைத் தெரிந்தால் பாதி மெனு தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வரும். சில சொற்கள் தமிழக வழக்கில் இருக்கும். நம் பிள்ளைகள் பாடநூலில் படித்த சொல்லாக இராது. அது யாருடைய குற்றமும் அல்ல. அந்த வரிகளுக்கு இன்னும் ஆள் வரவில்லை, அவ்வளவுதான். மொழிபெயர்க்க நிரலாக்கம் தெரியத் தேவையில்லை. நல்ல தமிழும் இணைய இணைப்பும் போதும். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்து வரி செய்தால், அடுத்த பதிப்பில் உலகத்தில் தமிழைத் தெரியும் எல்லாருடைய திரையிலும் அந்த வரிகள் இருக்கும்.

கணினியில் எதைப் போடுவது என்று சந்தேகம் உள்ளவர்கள் மாடல், ரம் அளவு, என்ன வேலைக்குப் பாவிக்கிறீர்கள் என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ் ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன். மொழிபெயர்ப்பில் சேர விருப்பமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதையும் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்தாலும் தொடங்கலாம்.